காற்றுப்பையில் நான் குதித்த ஞாயிற்றுக்கிழமை

போடிநாயக்கனூர்,
ஆவணி 14

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா கற்பகம் எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம், எனக்கு இடுப்பு மட்டும் பிடித்திருக்கிறது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கனடாவில் நீயும் மாப்பிள்ளை யோகராஜும் உன் மாமியாரும் சுகம்தானே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போடுகிறாய், பக்கத்தில் சம்பந்தியம்மா நிற்கிறார்கள், மனதில் உள்ளதை நான் எப்படிச் சொல்வது.

நீ அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏரியில் லாரி நீளத்துக்கு ஒரு காற்றுப்பை மிதக்கிறது, அதன் நுனியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், சம்பந்தியம்மா மேடையிலிருந்து மறுநுனியில் குதிக்கிறார்கள், நீ பந்து மாதிரி மேலே போய்த் தண்ணீரில் விழுகிறாய். நீந்தி வந்து அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாகூட இப்படி ஒரு நாளும் சிரிச்சதில்ல அத்தே" என்கிறாய். அதைக் கேட்டுத்தான் உனக்குப் போன் போட்டு, "மருமகளைத் தூக்கி எறியுறதுதான் வெளையாட்டா" என்று கத்திவிட்டு வைத்தேன். பதினோரு நாளாக நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை. உனக்கு அடிபடுமோ என்று பயந்து கத்தினேன் என அப்பா நினைக்கிறார். பயமில்லை ஆத்தா, பொறாமை. ராசிங்காபுரம் கிணற்றில் நீ நீச்சல் பழகப் போனபோது சடையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான், எனக்கு நீச்சல் தெரியாது, நீ முங்கினால் என்னால் தூக்க முடியாதே. சம்பந்தியம்மா ஒரே கோடையில் உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

பூப்பாறைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக் குளத்திலும் அதே மாதிரிப் பை போட்டிருப்பதாக அப்பா ஓட்டும் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சொன்னார்கள். போன ஞாயிறு நானும் ஏறிக்கொண்டேன், ஆட்களை இறக்கிவிட்ட கையோடு அங்கே விடச் சொன்னேன். "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு, அம்பத்திரெண்டு வயசாச்சு" என்று திட்டிக்கொண்டே வந்தார். இருவரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டோம், அவரை நுனியில் உட்கார வைத்துவிட்டு மேடையில் ஏறினேன். கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அங்கு வேலை பார்க்கும் மலையாளப் பெண் "பேடிக்கண்டா சேச்சி" என்றாள், பயப்படாதே என்கிறாள். சம்பந்தியம்மா முகத்தை நினைத்தேன், குதித்துவிட்டேன். அப்பா ஜீப்புக் கூரை உயரத்துக்குப் போய் விழுந்தார். பிறகு அவர் குதித்து என்னை எறிந்தார். தண்ணீருக்குள் போனதும் காது அடைத்தது, சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது, இடுப்பு பிடித்தது அப்போதுதான். வாய்விட்டுச் சிரித்தேன், அப்பா "இன்னொருக்கா போவமா" என்கிறார். சிரித்து முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. முதன்முதலில் நீ தண்ணீருக்குள் முங்கி எழுந்தபோது உன்னைத் தாங்கிய கை சம்பந்தியம்மாவுடையது.

பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் கத்தியது என் தப்பு. கடிதம் வந்து சேருவதற்குள் நானே கூப்பிட்டுவிடுவேன், இதைப் படித்த பிறகு போனில் இதையெல்லாம் கேட்காதே. பரமசிவன் கோயிலில் அர்ச்சனை செய்தேன், சம்பந்தியம்மா பெயரையும் சொன்னேன்தான். ஈரத்தலையோடு படுக்காதே, இருவரும் குறையில்லாமல் வாழுங்கள். வைகாசியில் வரும்போது அவர்களையும் கூட்டி வா. பையின் நுனியில் அவர்கள் உட்காரட்டும், நான் குதிக்கிறேன். அவர்களைவிட எனக்குப் பத்துக் கிலோ எடை கூடுதல். இதைச் சத்தமாகப் படித்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
கற்பகம்