கஞ்சி காய்ச்சும் ஆட்டம்

5.9.99, ஞாயிறு

வீட்டு முன்னறையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இன்று லீவு. இரண்டு கம்ப்யூட்டரையும் கேபிளில் இணைத்து, மதுரையில் வாங்கிய யுத்த விளையாட்டு சி.டி.யைப் போட்டு நானும் இவரும் ஆடினோம். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவதில்லை இது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரம் வெட்டி, கோட்டை கட்டி, படை திரட்ட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் போச்சு.

நான் ஆடுவது பொழுதுபோக்குக்கு அல்ல. இதைச் செய்தவன் தங்கத்தை ஏன் தூரத்தில் வைத்தான், குதிரைக்கு ஏன் இவ்வளவு விலை வைத்தான் என்று பார்க்கத்தான். சென்னைக் கம்பெனி ஒன்று, சொந்தமாக ஓர் ஆட்டம் செய்து ஜனவரிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறது. பிடித்தால் வேலை. இங்கே ராஜபாளையத்தில் இருந்தே செய்யலாமாம். பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

தோற்கப்போவது தெரிந்ததும் இவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

3.10.99, ஞாயிறு

என் ஆட்டம் ஓடுகிறது! மேற்கே மலை, அடிவாரத்தில் கண்மாய்கள், ஆளுக்கு மூன்று ஊர். வீரர்கள் இன்னும் தீப்பெட்டி நகர்வது போலத்தான் நகர்கிறார்கள். அது கிடக்கட்டும்.

இரண்டு ஊர் கைவிட்டுப் போனதும் இவர் சுவிட்சில் கை வைத்தார். டப்.

"ஏன் அணைச்சீங்க?"

"தோத்தாச்சுன்னு தெரிஞ்ச பொறவு சாவுறத உக்காந்து பாக்கணுமாக்கும்?"

கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரிதானே? கூடக் குடியிருக்கிற மனுஷனையே கடைசி வரை உட்காரவைக்க முடியாத ஆட்டத்தை, முன்பின் தெரியாத சென்னைக்காரன் எதற்கு ஆடுவான்?

17.10.99

தோற்கிறவருக்குச் சும்மா நூறு தங்கம் கிடைக்கும்படி மாற்றினேன்.

"எனக்குப் பிச்சை போடுதியாட்டி?" டப்.

 

18.10.99

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. வேண்டுமென்றே போட்டேன் என்கிறார். இல்லை.

31.10.99

தங்கத்தைக் குறைத்தேன், கோட்டையைப் பலமாக்கினேன், அதையும் இதையும் மாற்றினேன். எதுவும் ஆகவில்லை. எனக்கு வராதோ? பேசாமல் சென்னைக்கு முடியாது என்று எழுதிப்போட்டுவிடலாமா? சீ, வெறுத்துப்போச்சு.

14.11.99, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் இவர் அக்கா வேலுத்தாய் மதினி வீட்டுக்குப் போனோம். சுவிட்ச் கதையைச் சொன்னதும் மதினிக்கு ஒரே சிரிப்பு. "என் தம்பி சின்னதுல கேரம் போர்டையே தூக்கி எறிஞ்சவன்லா!" இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மதினியும் பக்கத்து வீட்டு அம்புஜவல்லியும் பல்லாங்குழி ஆடினார்கள். அம்புஜவல்லியிடம் மிஞ்சியது மூன்றே முத்து. முடிந்தது என்று நான் எழுந்தேன். அவளோ, "நான் கஞ்சி காச்சுதேன்" என்று மூன்று குழியில் ஒவ்வொரு முத்தாகப் போட்டாள். மதினியும் மறுபேச்சில்லாமல் தன் பக்கம் மூன்று குழியில் ஒவ்வொன்றே போட்டாள். கையில் அம்புட்டு முத்து குவிந்திருந்தும்!

"ஏன் மதினி, உங்ககிட்டதான் நிறைய இருக்கே?"

"அவ கஞ்சி காச்சும்போது நான் விருந்தா வைக்க முடியும்? சட்டம்ட்டி அது."

அய்யோ, நானும் சின்ன வயதில் ஆடியதுதானே இது! தோற்கிறவருக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. ஜெயிக்கிறவர்தான் சுருங்கிக்கொள்ள வேண்டும். இதற்கா ஒன்றரை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்! திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே முழுவதையும் யோசித்து முடித்தேன்.

28.11.99

புதுச் சட்டம்: ஒருவருக்கு ஒரே ஊர்தான் மிச்சம் என்றால், அங்கே அவரிடம் எத்தனை வீரர்களோ அத்தனை பேரோடுதான் எதிராளி உள்ளே நுழையலாம். எழுதிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

12.12.99, ஞாயிறு

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பதினொன்றுக்குள் இவருக்கு ஒரே ஊர்தான் மிச்சம்.  நான் திரையைப் பார்க்கவில்லை, இவர் கையைத்தான் பார்த்தேன். கை மவுஸிலேயே இருந்தது. இவரிடம் ஐந்தே வீரர்கள்; சட்டப்படி நானும் ஐந்து பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அவர்களைத் தீர்த்தார். மறுபடி நுழைந்த ஐந்து பேரையும் தீர்த்தார். கண்மாயைத் தாண்டி வந்து என் ஊர் ஒன்றைப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

"அய்யய்யோ! சேவ் பண்ணியாட்டி?"

"அதெல்லாம் இன்னும் எழுதல."

"கூறு இருக்கா உனக்கு? இன்னும் செத்த நேரம் கிடைச்சா உன் கோட்டையைப் பிடிச்சிருப்பேன்லா!"

திட்டட்டும். கரண்ட் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.