அப்பாவின் முதுகும் முன்சக்கரத்து ஷாக் அப்சார்பரும்

மரியே வாழ்க

பாபநாசம்,
17.4.2015

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு யோசித்தேன், அப்பாவின் முதுகை விட்டுவிட்டால் அது உண்மைதான். நீயும் அங்கே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் ஃபோனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினாலும் வாங்கிப் படிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம், "காருக்குச் சாதா ஷாக் அப்சார்பரே போட்டுக்கலாம்மா, உக்காந்து பாத்துட்டேன், மெத்தை மாதிரி இருக்கு" என்றார் அல்லவா, அதை நம்பாதே. அதைச் சொல்லத்தான் பரீட்சை ஹால் மேற்பார்வை முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு விடைத்தாளைத் திருத்துகிறேன், எழுந்து போய் காருக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன், வந்து உட்கார்ந்தால் அதே விடைத்தாளை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். போன மாதக் கடைசியில் கல்லூரியிலிருந்து திரும்பும்போது நம் ஊர் ரோட்டில் ராமாயி தன் வயலில் பிடுங்கிய உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு நின்றிருந்தார். அன்று டவுன் பஸ் வராததால் செடி மிதிபடாமல் அப்படியே கிடந்தது. கையைக் காட்டி நிறுத்தி, "டீச்சரம்மா, ஒரு நடை ஏறி எறங்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்" என்றார். ஒரு நடை ஆறு ஏழு நடை ஆயிற்று. "அப்புடியே பின்னால வாங்க, அந்த ஓரம் நசுங்கல பாருங்க" என்று கண்டக்டர் மாதிரி அவர் கையை ஆட்ட நானும் ரிவர்ஸ் எடுத்து எடுத்து ஓட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி மாட்டு வண்டி மாதிரி குலுங்கியது. அப்பாவின் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு திருச்சி டாக்டரிடம் இந்தப் பழைய காரை நாம் வாங்கியதே, ரோட்டுக்குத் தகுந்தபடி தானாக இளகி இறுகுகிற அந்த ஷாக் அப்சார்பருக்காகத்தான். வேறு எந்த வண்டியிலும் அப்பாவால் கால்மணி நேரம் உட்கார முடியவில்லை. தஞ்சாவூர் பிசியோதெரபிக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போக வேண்டியவர், தொடர்ந்து இரண்டு தடவை போகவில்லை. இடது கால் மறுபடி மரத்துப்போகிறது, இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

திருச்சி ஒர்க்ஷாப்பில் நான்கையும் மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் சீட்டைக் காட்டினார்கள், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. கும்பகோணம் மெக்கானிக் மூஸா குனிந்து பார்த்தார். அடியிலிருந்து ஒரு கூடை உளுந்துச் செடியை உருவிப் போட்டுவிட்டு, "என்ன மேடம், கதிரடிக்கிற மெஷின்னு நெனச்சீங்களா" என்றார். செடி சுற்றி அறுந்த சென்சார் ஒயரைச் சரிசெய்துவிட்டார். ஆனால் முன்பக்கம் இரண்டிலும் எண்ணெய் ஒழுகுகிறது, பின்பக்கம் நன்றாக இருக்கிறது. "இது வயசு மேடம், உளுந்து மேல பழி போடாதீங்க" என்றார், அது உண்மையா மரியாதையா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்து வண்டி, நான்கிலும் சாதாரணமானதைப் போட்டு விளக்கையும் அணைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. மூஸா பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் அவர் முதுகில் யாரும் கத்தி வைத்ததில்லை. பித்தளைக்கடை மீரா உசேனிடம் இதே கார், சாதா ஷாக் அப்சார்பர் போட்டது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி மூஸாவை ஓட்டச் சொல்லி, நான் அப்பா மாதிரியே முன்சீட்டைச் சாய்த்து இடுப்புக்குத் தலையணை கொடுத்துப் பாபநாசம் வரை வந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது, புள்ளியியல் நடத்துகிறவள் வலி இல்லாத ஆளை வைத்துச் சோதனை செய்திருக்கிறேன்.

அதனால் அப்பாவையே உட்கார வைக்க வேண்டியிருந்தது, அதற்கு முன் உளுந்து விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "உளுந்து நல்லா உதிந்துச்சா" என்று கேட்டார், விவசாய இலாகாவில் இருந்தவர் வேறு என்ன கேட்பார். போன சனிக்கிழமை மறுபடி மீரா உசேனின் காரை வாங்கி அய்யம்பேட்டை வரை போனோம். நான் பின்சீட்டில் இருந்தேன். அப்பா மூஸாவிடம் நெல் கொள்முதலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் பேச்சு நின்றது, தாண்டிய பிறகுதான் தொடர்ந்தது. "எப்புடி சார் இருக்கு" என்று மூஸா கேட்டதற்கு, "அருமை பாய், இதையே மாட்டிடுவோம்" என்றார். வீட்டுக்கு வந்து, குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்க முடியாமல் சுவரில் காலைத் தேய்த்துக் கழற்றினார். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். மறுநாள்தான் உன்னிடம் மெத்தை என்றார். உனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைக்கிறார், எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று எனக்கும் தெரியாது, மூஸாவுக்கும் தெரியாது. கால் மரத்துப்போவது இப்போது. முன்பக்கம் இரண்டு மட்டும், அசலாகவே வேண்டும், அங்கே நீதான் வாங்க வேண்டும். நம்பர்களை மூஸா எழுதிக் கொடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மே கடைசியில் நீ வரும்போது கொண்டு வா, விமானத்தில் ஏற்ற விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள், இல்லையென்றால் பார்சலில் உடனே அனுப்பு. உன் லீவு மறுபடி தள்ளிப்போவதாக இருந்தால் உள்ளபடி சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன், வருத்தப்படுவேன், ஆனாலும் சொல்லிவிடு. அப்பாவிடம் மூச்சு விடாதே. மாட்டி முடித்த பிறகு நானே சொல்கிறேன். தன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபம் வரும். வரட்டும், தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை முன்சீட்டில் சாய்ந்துகொண்டு நிறுத்தாமல் திட்டட்டும், கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இடது வேறு, வலது வேறு, ஆர்டர் கொடுக்கும்போது தாளை ஒருமுறைக்கு இருமுறை பார்.

அன்புடன்,
அம்மா
அருள்மேரி