எதிர்வீட்டுக் குழந்தை

சாந்தோம்,
12 ஆகஸ்ட் 1934

அன்புள்ள உங்களுக்கு,

ரங்கூனிலிருந்து நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

எதிர்வீட்டுத் தையற்காரர் ஷரஃபுதீனின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். பெண் குழந்தை பிழைத்தது. மூன்றாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, புட்டிப்பாலு குடுத்தா கக்கிடுது. அழக்கூட தெம்பு இல்லாம கீது. உன்னாண்ட போய் இத்த கேக்குறேனேன்னு இருக்குது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைச் சாத்திவிட்டு மாதா படத்தின் முன் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. வெளியே குழந்தை முனகியது. என் மாராப்பு நனைந்துவிட்டது. எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

பால் கட்டிக் காய்ச்சலாக இருந்தேன். அவள் வாய் வைத்ததும் உயிர் போகிற வலி. ‘சேசுவே, பலம் தாரும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். பத்து நாளாகக் கொடுக்கிறேன். வலி இன்னும் விடவில்லை. அவள் கன்னம் சற்றுத் தேறியிருக்கிறது.

நம் மகன் சிரிக்கிறானா என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தீர்கள். சிரித்தான். இரண்டு வாரத்துக்கு முன் பேதி கண்டு, இரண்டே நாளில் போய்விட்டான். அங்கே தனியாக இதைப் படிப்பீர்களே என்றுதான் எழுதக் கை வரவில்லை.

அவனுடைய பாலைத்தான் அவள் குடிக்கிறாள். கோபிக்காதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
மனைவி