மாலை வானில் தேய்பிறை

லோஷ்விட்ஸ்,
7 செப்டம்பர் 1826

அன்புள்ள டிராகோட்டுக்கு,

நான் நலம். உன் நலம் கண்காட்சிச் சுவரிலேயே தெரிந்தது. உன் ‘எல்பே நதி, மாலை’ படத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மாள் கணவரிடம், “ஆறெல்லாம் சுமார்தாங்க. அந்த வானத்தைப் பாருங்க” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது என் வானம்.

போன குளிர்காலத்தில் வந்து என்ன கேட்டாய்? “மேகம் எனக்குக் கைக்கு வரமாட்டேங்குதுடா. நீ வரைஞ்ச தாளெல்லாம் குடு, பாத்துட்டுத் தந்துடறேன்.” நாற்பது தாள் கொடுத்தேன். பதினோரு வருடம் ஆற்றங்கரையில் விறைத்துப்போய் வரைந்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, மணி, காற்றின் திசை எழுதியிருக்கிறேன். நீ திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினேழாம் தாள் விடியற்காலை ஐந்து மணி வானம், அதிலிருப்பது தேய்பிறை. அதை அப்படியே சூரியன் மறையும் வானத்தில் வைத்திருக்கிறாய். மாலையில் தேய்பிறைக் கீற்று எந்த ஊரில் தெரியும்?

திங்களன்று கண்காட்சிக்குத் தேர்வுக்குழு வருகிறது. ஓவியக் கல்லூரியில் நிலக்காட்சி ஆசிரியர் பதவி ஒன்று. கேட்டிருப்பவர்கள் நாம் இருவர். வானம் யாருடையது என்று அதற்குள் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் அவர்களை அந்த நிலவின் முன் நிறுத்தி நான் சொல்வேன்.

இன்னும் உன் நண்பன்,
லெப்ரெக்ட் ஹோர்னிக்


டிரெஸ்டன்,
12 செப்டம்பர் 1826

அன்பு லெப்ரெக்ட்,

நீ எழுதியிராவிட்டால் என் மானம் போயிருக்கும். சனிக்கிழமையே வர்ணப்பெட்டியோடு போய் நிலவை வளர்பிறையாகத் திருப்பிவிட்டேன். ஒரு மணி நேர வேலைதான்.

நேற்று நீ குழுவிடம் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை, கவனித்தாயா? நீ படத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன பிறகு தலைவர், “வளர்பிறை எது, தேய்பிறை எதுன்னு தெரியாத மனுஷன் வானம் சொல்லிக்குடுக்க வந்துட்டாருய்யா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பதவி எனக்குத்தான். ஞாயிறு சாப்பிட வா. என் மனைவி அமாலியே வாத்து வறுக்கிறாள். “அவரு வரலைன்னா நானே போய்க் கூட்டிட்டு வருவேன்” என்கிறாள்.

மாறாத அன்புடன்,
டிராகோட்


லோஷ்விட்ஸ்,
14 செப்டம்பர் 1826

பேராசிரியர் டிராகோட் வெஸல் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று மறுபடி போய்ப் படத்தைப் பார்த்தேன். நிலவை மட்டும் தாங்கள் திருப்பவில்லை. மேகங்களின் மேல் விழும் வெளிச்சத்தையும் பக்கம் மாற்றியிருக்கிறீர்கள், ஒரு பிசிறு இல்லாமல். என்னால் ஒரு மணி நேரத்தில் அது முடியாது.

இவ்வளவு தெரிந்தவர் என் தாள்களை எதற்காகக் கேட்டீர்கள்?

பதில் எழுத வேண்டாம். தங்கள் மனைவியை இங்கே அனுப்பவும் வேண்டாம்.

லெ. ஹோர்னிக்