இரண்டாவது கையெழுத்து

ஸ்ரீரங்கம்
4.8.2025

அன்புள்ள டெல்பினுக்கு,

ஆசீர்வாதம். நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் கூரியருக்குத் தண்டம் அழ வேண்டியிருக்கிறது. பதினொரு வருடம் சோறு போட்ட மையத்துக்கு நீ காட்டும் மரியாதை இது.

லால்குடியில் உரக்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, ஊஞ்சல் கட்டி, மணல் கொட்டி, அதற்குத் தெரபி சென்டர் என்று போர்டும் மாட்டியிருக்கிறாயாமே. பேஷ். நம் அஜித்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். அவன் அம்மா மலர்க்கொடிக்கு என்ன தெரியும், வீட்டுக்குப் பக்கம் என்று போயிருப்பாள். ஆறு வயதுவரை வாயே திறக்காத பிள்ளைக்கு எட்டு வார்த்தை வரவழைத்தவள் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பயிற்சிக் கையேடு இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. நாற்பது மையங்கள் கேட்டிருக்கின்றன. முதல் அத்தியாயமே அஜித்தின் எட்டு வார்த்தைகள்தான். பிள்ளை எத்தனை முறை பேசினான் என்று இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி, உனக்குத் தெரியாததல்ல. கடைசி மூன்று வாரத் தாள்களில் உன் கையெழுத்து இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. இரண்டு நிமிஷ வேலை.

இப்படிக்கு,
ஹம்ஸா


லால்குடி
9.8.2025

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

வணக்கம். கணுக்கால் வீக்கம் தேவலையா?

அஜித் இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. உங்கள் எட்டு வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவன் தானாகச் சொல்லி நான் கேட்கவில்லை. தாகம் எடுத்தால் தரையில் தலையை முட்டுகிறான், 'தண்ணி' வருவதில்லை. போன வாரம் நீங்கள் செய்வதுபோல ஒரு சிப்ஸைக் கைக்குள் மூடி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அம்மா, தண்ணி, பந்து, பஸ், பூ, மாமா, தா, போ என்று எட்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டினான். முன்னால் உரக்கடையில் டெம்போ ஓட்டும் மருதை அண்ணன் கையை மூடிக்கொண்டு வந்தாலும் அதே எட்டுதான். மலர்க்கொடி பக்கத்திலேயே நின்றாள். வெறும் கையோடு நின்ற அவளைப் பார்த்து ஒரு முறைகூட 'அம்மா' வரவில்லை. மூடிய கையைத் திறக்க வைப்பது எப்படி என்றுதான் நாம் இரண்டு வருடமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

கையெழுத்து பற்றி. நான் ஒரு நாளும் தனியாக எண்ணியதில்லை. நீங்கள் 'முப்பத்திரண்டு' என்பீர்கள். என் கட்டத்திலும் முப்பத்திரண்டு என்று எழுதுவேன். சில நாள் பக்கத்து அறையில் இருந்துகொண்டே எழுதியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. புதிதாகப் போட மாட்டேன். பழையதையும் எடுத்துவிடுங்கள்.

டெல்பின்


ஸ்ரீரங்கம்
13.8.2025

டெல்பின்,

சிப்ஸைப் படிப்படியாகக் குறைப்பது நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும். போன் எடுக்க வந்த பி.காம். பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தேன். இப்போது எனக்கே பாடம். மருதையாம், டெம்போவாம். டிரைவரை வைத்துச் சோதனை நடத்தும் மேதையை இப்போதுதான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே வருகிறேன். பையன் என்னிடம் எப்படிப் பேசுகிறான் என்று நின்று பார். பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்தைப் போடு. அந்த மலர்க்கொடியையும் இருக்கச் சொல். எதை விட்டுவிட்டு வந்தோம் என்று அவளுக்கும் புரியட்டும். என் கணுக்காலை நீ விசாரிக்க வேண்டாம்.

ஹம்ஸா


லால்குடி
20.8.2025

மேடம்,

சனிக்கிழமை நடந்ததை 'பிடிவாதம்' என்று ஒரே வார்த்தையில் குறித்துக்கொண்டு கார் ஏறிவிட்டீர்கள். நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். இப்போதுதான் முதல் தடவையாகத் தனியாக எழுதுகிறேன்.

நீங்கள் கையை மூடிக் காட்டினீர்கள். அஜித் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் கையை மெதுவாக உங்கள் பக்கமே தள்ளினான். மறுபடி காட்டினீர்கள், மறுபடி தள்ளினான். மூன்றாவது முறை என்னைப் பார்த்து, "டெல்பின், அவன் கையப் பிடிச்சு வை" என்றீர்கள். நான் பிடித்தேன். உங்களுக்கு அத்தனை வீராப்பாக எழுதியவள், நீங்கள் சொன்ன மாத்திரத்தில் அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அழுத்தினேன்.

மலர்க்கொடிதான் என் விரல்களைப் பிரித்துவிட்டாள். "விடுங்க டீச்சர். அவந்தான் வேணாங்குறானே, உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா?" என்றாள்.

அதன்பிறகு அவர்கள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள். அஜித் உள்ளே இருந்தான். என் குரல் கேட்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

உங்கள்மீது எனக்கு இருக்கும் வெறுப்பைவிட என்மீது இருப்பது அதிகம். என் கையெழுத்துகள் எல்லாம் பொய் என்று நாற்பது மையங்களுக்கும் எழுதப்போகிறேன்.

டெல்பின்


ஸ்ரீரங்கம்
2.9.2025

டெல்பின்,

தாராளமாக எழுது. கையேடு அச்சாகி வந்துவிட்டது. உன் பெயர் அதில் எங்கும் கிடையாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜாஹ்னவி எல்லாத் தாள்களையும் திரும்ப எழுதி, ஒரே மத்தியானத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அஜித்தை அவள் பார்த்ததுகூட இல்லை. எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி? கிடையாது. "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றாள். இருபத்திரண்டு வயது. தங்கமான பெண். நீ போனதால் இங்கே எதுவும் நின்றுவிடவில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

ஹம்ஸா


லால்குடி
5.9.2025

மேடம்,

மையங்களுக்கு எழுதிய கடிதங்கள் நேற்றே போய்விட்டன. அத்தோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கம் வருகிறேன். உங்களைப் பார்க்க வரவில்லை. உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன். சாயங்காலம் ஜாஹ்னவி வேலை முடிந்து வெளியே வரும்வரை தெருவில் நிற்பேன். அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்தது எப்படி இருந்தது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

என்னுடைய இருபத்திரண்டாவது வயதில் அந்தத் தெருவில் எனக்காக யாரும் நிற்கவில்லை.

டெல்பின்