முத்திரையிட்ட பெட்டிக்குள் அப்பாவின் ட்ரம்பெட்

அனுப்புநர்
விருப்ப ஓய்வு பெற்ற காவல் உதவி ஆய்வாளரின் மகள்,
முதல் மாடி, பேக்கரிக்கு மேலே.

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: திருட்டு வழக்கில் கைப்பற்றிய பெட்டியைச் சனிக்கிழமை காலைக்குள், இயன்றவரை ரகசியமாக, திறந்து பார்க்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். களவு போனதாகச் சொல்லப்பட்ட பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அது தங்கள் காவல் நிலையத்தில்தான் இருக்கிறது. அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் தந்தை காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு ட்ரம்பெட் வாசிக்க வந்தவர். வாய்ப்புகள் இன்னும் சரியாக அமையவில்லை. ஒரு கடைத் திறப்பில் அவர் வாசித்தபோது, வந்த கூட்டம் எதிர்க்கடைக்குள் போய்விட்டது. நாடக அரங்கின் இசைக்குழு அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வரும் சனிக்கிழமை காலை மீண்டும் தேர்வு. இதை விட்டால் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்.

2. சென்ற வாரம் ஒரு காலை, ட்ரம்பெட் அதன் தாங்கியில் இல்லை. அவர் அதைத் தாங்கியிலேயே வைப்பவர், பெட்டியில் வைப்பதில்லை. வேறு யாராக இருந்தாலும் அறையைப் புரட்டிப் போட்டுத் தேடியிருப்பார்கள். என் தந்தை தேடவில்லை. சம்பவ இடத்தில் எதையும் தொடக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. துணிக்கொடியை அவிழ்த்து அறைவாசலில் குறுக்கே கட்டினார். பெட்டியில் திருடனின் கைரேகை இருக்கும் என்று அதன் பக்கம் ஓர் ஈயைக்கூட விடவில்லை. எங்கள் ஈரத்துணிகள் நாற்காலிகளின் மேல் காய்ந்தன.

3. சத்தத்தைப் பற்றி முன்பே குறைப்பட்டவர் என்பதால் மேல்மாடித் தையல்காரர் முதல் சந்தேக நபரானார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் அளித்த வாக்குமூலம்: "அத எடுத்துட்டுப் போய் நான் என்ன சார் பண்ணப் போறேன்? நீங்க வாசிச்சே அப்படி இருக்குன்னா, நான் வாசிச்சா எப்படி இருக்கும்?"

4. தந்தை புகார் கொடுத்த நிலையத்தின் ஆய்வாளர் ஒரு காலத்தில் அவரிடம் வேலை பழகியவர். மரியாதைக்காகத் துப்பறியும் நாயையே அனுப்பிவைத்தார். அது ட்ரம்பெட் துடைக்கும் துணியை மோந்தது, நேரே போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தது. இழுத்தும் எழவில்லை. "பாவம், வயசாயிடுச்சு. உக்கார இடம் தேடுது" என்று சொல்லி என் தந்தைதான் அதை அப்புறப்படுத்தினார்.

5. பிறகு நாயுடன் வந்த காவலர், கைரேகைச் சோதனைக்கென்று பெட்டியைத் திறக்காமலே துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். ஒரு கையால் தூக்கப் போனவர் சட்டென்று மறு கையையும் கொடுத்தார். வெறும் பெட்டிக்கு ஏன் இரண்டு கை என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது.

6. நேற்று மாலை என் தாயார் சித்தி வீட்டிலிருந்து திரும்பினார். விசாரணை முடியும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது தந்தையின் உத்தரவு. ஆகவே அவருக்கு எதுவும் தெரியாது. கயிற்றைப் பார்த்து விவரம் கேட்டவர், என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஒட்டடை அடிச்சேன்டி. தூசி விழுமேன்னு நான்தான் அத எடுத்துப் பெட்டில வச்சேன். இத்தனை போலீஸ் வந்தும் ஒருத்தருக்குமா பெட்டியத் தொறக்கத் தோணல?" முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம். மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு."

7. இன்று காலை நான் நிலையத்துக்குப் போய், பொதுவாகக் கேட்பதுபோல் எழுத்தரிடம் கேட்டேன். "முத்திரைய உடைக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்மா. இல்லன்னா திருடன் சிக்கணும்" என்றார். இந்த வழக்கில் திருடன் சிக்கப் போவதில்லை. ஆய்வாளரிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் தந்தைக்குப் போன் போகும். எங்கள் வீட்டில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

8. தையல்காரர் விடுவிக்கப்பட்டு, சந்தேகம் இப்போது என்மேல் திரும்பியிருக்கிறது. காபி கொடுக்கும்போது என் தந்தை மிகக் கனிவாக, "அன்னிக்குக் காலையில நீ எங்கம்மா இருந்த? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு" என்றார். அப்படிக் கேட்கும்போதும் அவருடைய வலக்கையின் மூன்று விரல்கள் மேசை விளிம்பில் மாறி மாறி அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. தேர்வுக்கான பாட்டை வாசித்துப் பார்க்கிறார், ஐயா. கருவிதான் இல்லை.

ஆகவே, அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ட்ரம்பெட்டைச் சனிக்கிழமைக்கு முன் அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். 'பொருள் மீட்கப்பட்டது' என்று மட்டும் அவருக்குச் சொன்னால் போதும். அதில் பொய் ஏதுமில்லை. எங்கிருந்து என்று கேட்டால், 'விசாரணை ரகசியம்' என்று சொல்லிவிடுங்கள். பணியில் இருந்த காலமெல்லாம் எங்களுக்கு அவர் சொன்ன பதில் அது. அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

அந்த நாயையும் யாராவது தட்டிக்கொடுத்தால் மகிழ்வேன். அது அன்றே சரியாகத்தான் சொன்னது.

இடம்: சமையலறை
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மகள், தற்போதைய சந்தேக நபர்

மேற்கண்டவை உண்மை எனச் சாட்சிக் கையொப்பம் இடுபவர்:
மேல்மாடித் தையல்காரர் (தேர்வு முடிந்தபின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்)