திரையில் நீ சிரித்த சிரிப்பு

இன்று காலை மழை விட்டதும் சேரப்பணஞ்சேரியில் யாரோ ஈசல் வறுத்தார்கள். அந்த வாசனை வந்ததுமே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

ஒரகடம் ஃபேக்டரியில் நாம் ஒரே லைனில் வேலை பார்த்தபோது, ஒருநாள் கேன்டீனில் ஈசலும் பொரியும் கலந்த டப்பாவைத் திறந்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் கை நீட்டினேன். "தைரியம் கீதுடி உனக்கு" என்று சிரித்தாய். அன்றிலிருந்து சாப்பாடு உன்னோடுதான்.

பிறகு நான் சினிமாவுக்குப் போனேன். என் முதல் படம் ஓர் இருளர் வீட்டுக் கல்யாணக் கதை. உங்கள் இருளர் பேச்சிலேயே எடுக்க ஆசைப்பட்டு, மாப்பிள்ளையின் அம்மாவாக நடிக்க உன்னைக் கேட்டேன்.

"பாம்பு புடிக்க மாட்டேன். அழுதுகினே இருக்கவும் மாட்டேன். எங்க கல்யாணத்துல எவ்ளோ சிரிப்பு கீது, அத்த எடு."

எடுத்தோம். வெளிநாட்டில் வெளியிட ஒருவர் முன்வந்தார். மாமியாரும் மருமகளும் வாயாடும் காட்சி அங்கே யாருக்கும் புரியாது, வெட்டினால்தான் வாங்குவேன் என்றார். வேறு யாரும் கேட்டு வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த உன்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஏன், அந்த ஊர்ல மாமியாருங்களே கிடையாதா?"

வெட்டவில்லை. அவர் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, பனி கொட்டும் ஒரு நகரத்தின் திரைப்பட விழா நம்மை அழைத்தது. புடவைக்கு மேலே இரவல் கோட்டு, கீழே கம்பெனி ஷூ என்று வந்து உட்கார்ந்தாய். திரையில் நீ, சமைக்கத் தெரியுமா என்று மருமகளைக் கேட்கிறாய். "தெரியும், உங்க பிள்ளைக்கு?" என்கிறாள் அவள். மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாய். அரங்கில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் களுக்கென்று சிரித்தார். அடுத்து அரங்கமே சிரித்தது.

என் கையைக் கிள்ளினாய். "புரிஞ்சிடுச்சுடி!"

வெளியே அந்த அம்மாள் உன்னைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் என்னவோ சொன்னார். நீ இருளர் பேச்சில் பதில் சொன்னாய். மொழிபெயர்க்க வந்தவர் வேலையில்லாமல் நின்றார். நீங்கள் இருவரும் சிரித்து ஓயவில்லை.

போன வருடம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். படம் மட்டும் இன்னும் ஊர் ஊராகப் போகிறது, நானும் கூடப் போகிறேன். அந்தக் காட்சி வரும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. திரைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்று, உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் நீ சிரிக்கத் தொடங்குகிறாய். கொஞ்சம் பொறுத்து, அவர்களும்.